அப்பா கார்டில் பிள்ளை பெயர்: கேள்வி - பதில்

ஆகஸ்ட் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. பிள்ளை கல்லூரிக்குப் போகிறது, பெற்றோரின் கிரெடிட் கார்டில் ஆதரைஸ்டு யூசராகச் சேர்க்கலாமா? கேட்டவர்களில் அமெரிக்காவில் இருப்பவர்களே அதிகம். ஊரிலிருந்தும் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

மகனை எங்கள் கார்டில் சேர்க்கலாம் என்கிறார் கணவர். படிக்கிற பையன் தலையில் கடனை ஏற்றுவதுபோல் எனக்குப் படுகிறது. (ஒரு தாய், பிரிஸ்கோ, டெக்சஸ்)

கடன் அவன் தலையில் ஏறாது. உங்கள் தலையில்தான் ஏறும். அவன் பெயர் அச்சிட்ட கார்டு வரும், அவன் தேய்ப்பான், பில் உங்கள் பெயருக்கு வரும். கட்டவில்லை என்றால் வங்கி உங்களைத்தான் கேட்கும். கோ-சைனர், ஜாயிண்ட் அக்கவுண்ட் என்பதெல்லாம் வேறு. அங்கே இருவரும் கையெழுத்துப் போட்டவர்கள், இருவரிடமும் வசூலிக்கலாம்.

மகனுக்குப் போய்ச் சேருவது உங்கள் கணக்கின் வரலாறு. கணக்கு எந்த வருடம் தொடங்கியது, லிமிட் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, எந்த மாதமாவது தவணை தவறியதா என்பதெல்லாம் அவனுடைய கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறும். ஆகவே சேர்க்கும் முன் பார்க்க வேண்டியது பையனின் குணத்தை மட்டுமல்ல, உங்கள் கடந்த இரண்டு வருட ஸ்டேட்மெண்டுகளையும்தான். ஒழுங்காகக் கட்டி வந்திருந்தால் தயங்காமல் சேருங்கள்.

சட்டப்படி பொறுப்பு அப்பாவுக்குத்தான் என்றால், நான் கட்டாமல் இருக்கலாம்தானே? (மாணவர், இண்டியானா)

வங்கிக்கு நீ கடன்பட்டவன் இல்லை. அப்பாவுக்குப் பட்டிருக்கிறாய். மாதா மாதம் உன் செலவைக் கணக்குப் போட்டு அவருக்கு அனுப்பிவிடு தம்பி.

கார்டைக் கையில் கொடுக்காமல் பெயரை மட்டும் சேர்க்கலாமா?

தாராளமாக. கார்டு உங்கள் மேசை டிராயரிலேயே இருக்கட்டும். பிள்ளை ஒரு டாலர்கூடத் தேய்க்காவிட்டாலும் கணக்கின் வரலாறு ரிப்போர்ட்டில் ஏறும். கார்டு வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு உள்ளே வையுங்கள், சொல்லாமல் வைக்காதீர்கள். தன் பெயர் சேர்ந்த ஒரு கணக்கு ஓடுவது பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் மகள் ஒரு பில்கூடக் கட்டியதில்லை. எங்கள் கார்டில் சேர்த்த சில மாதத்தில் அவளுக்கு நல்ல ஸ்கோர் காட்டுகிறது. உழைக்காமல் கிடைத்த மார்க் மாதிரி இருக்கிறதே, இது நியாயமா? (எடிசன், நியூ ஜெர்சி)

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த வழி பிள்ளைகளுக்காகத் திறந்ததே அல்ல, மனைவிகளுக்காகத் திறந்தது.

1970-கள் வரை அமெரிக்காவில் திருமணமான பெண் கடன் கேட்டால் கணவனின் கையெழுத்தைக் கேட்பது சாதாரணம். வீட்டுக் கார்டை இருவரும் பயன்படுத்துவார்கள், வரலாறு கணவன் பெயரில் மட்டும் சேரும். அவர் இறந்துவிட்டாலோ விவாகரத்து ஆனாலோ, இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண்ணுக்குக் கடன் வரலாறு என்று ஒரு வரிகூட இருக்காது. 1974-ல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்தது. பெண் என்பதற்காகவோ, திருமணமானவர், ஆகாதவர் என்பதற்காகவோ கடன் தருவதில் பாகுபாடு கூடாது என்றது. அதை நடைமுறைப்படுத்திய விதிகள், கணவன், மனைவி இருவரும் பயன்படுத்தும் கணக்கை இருவர் பெயரிலும் தெரிவிக்கும்படி செய்தன. கார்டைப் பயன்படுத்த அனுமதி பெற்ற மனைவிக்கும் அந்த வரலாறு சொந்தமாயிற்று.

ரிப்போர்ட்டில் 'ஆதரைஸ்டு யூசர்' என்று இருக்கும், மனைவியா மகளா என்று இருக்காது. அதனால் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். 2007-ல் கிரெடிட் ஸ்கோரைக் கணக்கிடும் ஃபைகோ நிறுவனம், தன் புதிய ஸ்கோர் முறையில் ஆதரைஸ்டு யூசர் கணக்குகளைக் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்று அறிவித்தது. காரணம், முன்பின் தெரியாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கார்டில் இடம் கொடுக்கும் வியாபாரம் பெருகியிருந்தது. அப்படி நீக்கினால் உண்மையான மனைவிகளும் பிள்ளைகளும் சேர்த்து அடிபடுவார்கள் என்பதால் 2008-ல் முடிவை மாற்றிக்கொண்டது. நீக்குவதற்குப் பதில், காசுக்கு வாங்கிய இடங்களைச் சல்லடை போடும் வழியைச் சேர்த்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: நியாயம்தான், அவளுக்குத் தொடக்கம் என்ற அளவில். அந்த ஸ்கோரை வைத்து அவள் தன் பெயரில் ஒரு கார்டு வாங்கி, தானே கட்டத் தொடங்கும் நாளிலிருந்துதான் அது அவளுடையது.

எந்த வயதில் சேர்ப்பது நல்லது?

வங்கிக்கு வங்கி வேறு. சிலர் 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள், சிலர் 15 என்பார்கள், சிலர் வயதே கேட்பதில்லை. சேர்த்தாலும் 18 ஆகும்வரை, ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கிரெடிட் பீரோவுக்குத் தெரிவிக்காத வங்கிகளும் உண்டு, அதைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வயதில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் வயதில், பெட்ரோல் செலவுக்கென்று சேருங்கள். ஃபைகோ ஸ்கோர் பிறக்கவே, குறைந்தது ஆறு மாதம் பழைய ஒரு கணக்கு ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். 2009-ன் கார்டு சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் தன் பெயரில் கார்டு வாங்க, சொந்த வருமானம் காட்ட வேண்டும், அல்லது 21 நிரம்பிய ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த இடைப்பட்ட வருடங்களைத்தான் பெற்றோரின் கார்டு நிரப்புகிறது.

என் பெயர் அப்பா கார்டில் இருக்கிறது. போன வருடக் கடைசியில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. இப்போது அபார்ட்மெண்டுக்கு விண்ணப்பித்தால் என் ஸ்கோர் மோசம் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் அப்பா கார்டு 60 நாள் பாக்கி என்று இருக்கிறது. அப்பாமேல் கோபமாக இருக்கிறது. (சியாட்டில்)

முதலில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். வங்கிக்குப் போன் செய்து உங்கள் பெயரை அந்தக் கார்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பல வங்கிகளில் ஆதரைஸ்டு யூசரே கேட்கலாம், சிலவற்றில் அப்பா சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் அந்தக் கணக்கு உங்கள் ரிப்போர்ட்டிலிருந்து போய்விட வேண்டும். போகவில்லை என்றால் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பீரோக்களுக்கும் தனித்தனியே டிஸ்ப்யூட் போடுங்கள். கடன் உங்களுடையது அல்ல என்பதால் உங்கள் பக்கம் வலுவானது. அபார்ட்மெண்ட் அலுவலகத்தில் இதை விளக்கி ஒரு கடிதம் கொடுங்கள். கூடுதல் டெபாசிட் வாங்கிக்கொண்டு வீடு தருபவர்களும் இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு அந்தக் கறை அவ்வளவு எளிதில் போகாது. தவணை 30 நாள் தாண்டினால்தான் பீரோவுக்குப் போகும். போய்விட்டால் ஏழு வருடம் நிற்கும். அவர் எச்1பி விசாவில் இருந்திருந்தால், வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் அடுத்த வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் விசா நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த 60 நாளில் அவர் எதையெல்லாம் உங்களிடமிருந்து மறைத்துக்கொண்டு எழுந்து குளித்து லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். கோபம் வருவது இயல்பு. ஆனாலும் அவரிடம் போய் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வங்கியைக் கூப்பிட்டு ஹார்ட்ஷிப் திட்டம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள், வேலை இழந்தவர்களுக்கு வட்டியைக் குறைத்துத் தவணை போட்டுத்தரும் வங்கிகள் பல. இரண்டாவது, மினிமம் பேமெண்டையாவது நீங்கள் கட்டுவதாகச் சொல்லுங்கள், முடிந்தால்.

மற்ற அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை போனதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனால் உங்கள் கார்டில் அவர்கள் பெயர் இருக்கிறதென்றால் இது உங்கள் தனி விஷயம் இல்லை. தவணை தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே அவர்கள் பெயரை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட போன்கால்தான்.

நாங்கள் ஒரு நாளும் லேட்டாகக் கட்டியதில்லை. ஆனாலும் மகன் ஸ்கோர் திடீரென்று இறங்கிவிட்டது. ஏன்?

அந்த மாதம் ஊருக்கு டிக்கெட் போட்டீர்களா? பத்தாயிரம் டாலர் லிமிட்டில் நான்கு பேருக்குச் சென்னை டிக்கெட் எட்டாயிரம் என்றால், ஸ்டேட்மெண்ட் அன்று 80 சதவீதம் நிரம்பிய கார்டாகத் தெரியும். உங்களுக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். ஃபைகோ ஸ்கோரில் 35 சதவீதம் ஒழுங்காகக் கட்டுவதற்கு, 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு. பணத்தைக் கட்டியதும் அடுத்த மாதம் ஏறிவிடும். மகன் வீடோ காரோ வாங்க விண்ணப்பிக்கும் மாதமாக இருந்தால் மட்டும், ஸ்டேட்மெண்ட் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள்.

மகள் கச்சேரி டிக்கெட், உடுப்பு என்று ஒரே வாரத்தில் பெரிய தொகை தேய்த்துவிட்டாள். 'நான் அனுமதி கொடுக்கவில்லை' என்று வங்கியிடம் சொன்னால் ரத்து செய்வார்களா?

மாட்டார்கள், செய்யச் சொல்லவும் கூடாது. அனுமதியில்லாமல் யாரோ பயன்படுத்தினால் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர் என்று சட்டம் சொல்வது திருடனுக்கு எதிராக. உங்கள் கையால் உள்ளே சேர்த்த பெண் செலவழித்தது அனுமதியுள்ள செலவுதான். அதை மோசடி என்று எழுதிக் கொடுத்தால் பெற்ற மகள்மேல் புகார் கொடுத்ததாகிவிடும்.

பணத்தைக் கட்டுங்கள். அவளிடம் தவணையாக வாங்குங்கள். ஆதரைஸ்டு யூசருக்குத் தனி லிமிட் வைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள், சில வங்கிகள் தருகின்றன. ஒவ்வொரு செலவுக்கும் உங்கள் போனுக்கு அலர்ட் வரும்படி வையுங்கள்.

பெயரை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல வங்கிகளில் பிள்ளையின் கார்டிலும் உங்கள் எண்தான் இருக்கும். பெயரை எடுத்த பிறகும் அந்த எண் அவள் போனிலும் கடைகளின் ஆப்களிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். புது எண் கொடுக்கச் சொல்லுங்கள்.

மகன் டாலஸில் எம்.எஸ். சேரப் போகிறான். என் இந்திய கிரெடிட் கார்டில் ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்தால் அங்கே அவனுக்கு ஸ்கோர் சேருமா? (கோயம்புத்தூர்)

சேராது. உங்கள் வங்கி சிபில் போன்ற இந்திய நிறுவனங்களுக்குத்தான் தெரிவிக்கும், அமெரிக்க பீரோக்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆட்-ஆன் கார்டின் பொறுப்பும் முழுக்க உங்களுடையது. ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன.

செலவையும் பாருங்கள். வெளிநாட்டில் தேய்த்தால் பல இந்தியக் கார்டுகள் 3.5 சதவீதம் மார்க்-அப் போடுகின்றன, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஒரு லட்ச ரூபாய்க்கு 3,500-ம், அதற்கு வரி 630-ம், ஆக 4,130 ரூபாய் சும்மா போகும். ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். விமானத்திலிருந்து இறங்கி முதல் சில வாரங்களுக்கும் அவசரத்துக்கும் மட்டும் அது பையில் இருக்கட்டும். போனதும் அங்கே ஒரு வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். கேம்பஸ் வேலை கிடைத்தால் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்கலாம். அதை வைத்து, டெபாசிட் கட்டி வாங்கும் செக்யூர்டு கார்டிலோ மாணவர் கார்டிலோ தன் வரலாற்றைத் தானே தொடங்கட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பணம் கொடுத்தால் இருபது வருடப் பழைய கார்டில் என் பெயரைச் சேர்த்து ஸ்கோரை ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன்.

அந்தக் குழுவிலிருந்து வெளியேறுங்கள். யாரென்றே தெரியாதவரிடம் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுக்கப் போகிறீர்கள். வீட்டுக் கடன் கொடுப்பவரிடம் இல்லாத ஒரு தகுதியை இருப்பதாகக் காட்டுவது விளையாட்டுக் காரியமல்ல, வழக்கு வரை போகும். பெற்றோர் கார்டிலிருந்து வந்த வரலாற்றையே கடன் கொடுப்பவர்கள் பலர் கேள்வி கேட்கிறார்கள். வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, அதிகாரி கையால் பரிசீலிக்கும் விண்ணப்பத்தில், பெற்றோர் அந்தக் கடனில் உடன் விண்ணப்பிக்கவில்லை என்றால், கடந்த 12 மாதம் அந்தக் கார்டின் பில்லை நீங்களே கட்டினீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அப்படியிருக்க அந்நியர் கார்டுக்கு என்ன மதிப்பு?

அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவர் கார்டில் நானும் ஆதரைஸ்டு யூசர். காரியச் செலவுக்கு அதைப் பயன்படுத்தலாமா? பாக்கியை நான்தான் கட்ட வேண்டுமா?

உங்கள் இழப்புக்கு என் வருத்தம். கார்டை இனி ஒரு முறைகூடத் தேய்க்க வேண்டாம். கார்டுக்குச் சொந்தக்காரர் மறைந்ததும் உங்களுக்கிருந்த அனுமதியும் முடிந்துவிட்டது. தெரிந்தே பயன்படுத்தினால் மோசடியாகக் கருதப்படலாம். வங்கிக்குத் தகவல் சொல்லி இறப்புச் சான்றிதழ் நகலை அனுப்புங்கள். ஆட்டோபேயில் போய்க்கொண்டிருந்த மின்சாரம், போன், இன்சூரன்ஸ் பில்களை வேறு கணக்குக்கு மாற்றுங்கள்.

பழைய பாக்கி அப்பாவின் சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டியது. ஆதரைஸ்டு யூசர் என்ற ஒரே காரணத்துக்காக அது உங்கள் கடனாகாது. வசூல்காரர் போன் செய்து 'மகன்தானே, கட்டிவிடுங்கள்' என்று கேட்கலாம். துக்கத்தில் இருக்கும்போது 'சரி' என்று சொல்லிவிடாதீர்கள். அம்மாவின் நிலைமை மட்டும் வேறாக இருக்கலாம். டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் தம்பதியின் சொத்தும் கடனும் பொதுவாகக் கருதப்படும். அங்கே இருந்தால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தலைகீழாக ஒரு கேள்வி. அம்மாவுக்கு கிரீன் கார்டு வந்து எங்களோடு இருக்கிறார். வயது 63. அவரை என் கார்டில் சேர்க்கலாமா? 'எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்' என்கிறார். (சான் ஹொசே)

சேருங்கள், இன்றைக்கே. ஊரில் வீட்டுப் பத்திரம் அப்பா பெயரில், கேஸ் புத்தகம் அப்பா பெயரில், வங்கிக் கணக்கில் அம்மா இரண்டாவது பெயர். நாற்பது வருடம் மளிகைக் கணக்கிலிருந்து நகைச்சீட்டு வரை ஒரு பைசா பிசகாமல் நடத்தியவருக்கு, பணம் சம்பந்தமான எந்தக் காகிதத்திலும் முதல் பெயர் கிடையாது. இங்கே நாளை தனியாக ஒரு அபார்ட்மெண்ட் எடுக்க வேண்டுமென்றாலும், தன் பெயரில் போன் பிளான் வேண்டுமென்றாலும் கிரெடிட் பார்ப்பார்கள்.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு சேருங்கள். கார்டை டிராயரில் வைக்காதீர்கள், அவர் கையில் கொடுங்கள். இந்தியக் கடைக்கு அவரே போய், அவரே தேய்த்து, ரசீதைத் தன் கைப்பையில் வைக்கட்டும். ஸ்டேட்மெண்ட் வந்ததும் கூட உட்கார்ந்து வரி வரியாகக் காட்டுங்கள். ஒரு வருடம் கழித்து, அவர் பெயரிலேயே முதல் பெயராக ஒரு கார்டுக்கு விண்ணப்பியுங்கள். 1974-ல் மனைவிகளுக்காக வந்த சட்டத்தால் நிறையப் பயன் அடைந்தது பிள்ளைகள்தான். ஒரு தாய்க்கு அது திரும்பிப் போய்ச் சேருவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

பெயர் சேர்த்து எட்டு மாதம் ஆகிறது. மகன் ரிப்போர்ட்டில் அந்தக் கார்டே வரவில்லை. (சார்லட்)

நம்மவர்களுக்கு அடிக்கடி நேரும் சிக்கல் இது. இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பாவின் பெயர் மகனுக்குக் கடைசிப் பெயராகிறது. அப்பாவின் கடைசிப் பெயரோ தாத்தாவின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர். சேர்க்கும்போது சில வங்கிகள் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் கேட்டுவிட்டு சோஷியல் செக்யூரிட்டி எண்ணை விட்டுவிடும். பெயரை வைத்து பீரோ ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் கணக்கு அந்தரத்தில் நிற்கும். சில சமயம் அப்பா கணக்கு மகன் ரிப்போர்ட்டில் கலந்துவிடுவதும் உண்டு.

வங்கியைக் கூப்பிட்டு, மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இருக்கிறபடியே பெயரின் எழுத்துகளையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று பீரோக்களின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை இலவசம், கார்டு எண் கேட்கமாட்டார்கள். கேட்டால் அது வேறு தளம், மூடிவிடுங்கள். மகன் ரிப்போர்ட்டை மகனும் உங்களுடையதை நீங்களும் எடுத்து, ஒரே மேசையில் உட்கார்ந்து பாருங்கள்.